பத்துப் புள்ளி முன்னால் நின்றும் அரைப் புள்ளிதான்: 1872 வியன்னா ஆட்டமும் சமநிலைக் கணக்கும்

கொழும்பில் வார இறுதிகளில் நடக்கும் பாடசாலைச் சதுரங்கப் போட்டிகளில், மண்டப வாசலில் காத்திருக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையிடம் ராணி இருந்தது, எதிரே இருந்தவரிடம் ராணியும் இல்லை, குதிரையும் இல்லை. அப்படியிருக்க முடிவுப் பட்டியலில் ஆளுக்கு அரைப் புள்ளி என்று எப்படி விழுந்தது? "தொடர்ந்து செக் வைத்தார், நடுவர் சமநிலை என்றார்" என்று பிள்ளை சொல்லும். அது பாதி விளக்கந்தான். செக் (ராஜாவை நேரே தாக்குவது) வைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமநிலை என்று இன்றைய விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1872இல் வியன்னாவில் கார்ல் ஹாம்பெ வெள்ளையும் ஃபிலிப் மைட்னர் கறுப்பும் ஆடியது அது. வெறும் 18 நகர்த்தல்கள். சமநிலையில் முடிந்த ஆட்டங்களிலேயே இதற்குத்தான் 'அழியாத சமநிலை' என்ற பட்டப்பெயர் நிலைத்திருக்கிறது.

ஆடிய இருவர்

ஹாம்பெ வியன்னாவில் அரச உத்தியோகத்தர். ராஜாவின் காலாளை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு இரண்டாவது நகர்த்தலிலேயே ராணிப் பக்கக் குதிரையை வெளியே எடுக்கும் 'வியன்னா திறப்பு' அவர் கையில் வளர்ந்தது. மைட்னர் வழக்கறிஞர். 1873இல் உலகக் கண்காட்சியை ஒட்டி வியன்னாவில் நடந்த பெரிய போட்டியில் அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரர்களான ஸ்டைனிட்ஸ், பிளாக்பர்ன், ஆண்டர்சன் ஆகியோருடன் ஆடியவர். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவரைவிட அவர் மகளை நன்றாகத் தெரியும்: அணுக்கருப் பிளவை விளக்கிய லீஸ மைட்னர். 109ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் வந்தது அவரால்தான்.

காய்ப் பெயர்களும் கட்டப் பெயர்களும்

காய்ப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். மூலையில் நிற்பதை ஒருவர் யானை என்பார், ஒருவர் தேர் என்பார், இன்னொருவர் கோட்டை என்பார். இங்கே ராஜா, ராணி, கோட்டை, மந்திரி, குதிரை, காலாள் என்றே எழுதுகிறேன். மந்திரி என்பது மூலைவிட்டமாக ஓடும் காய்.

கட்டங்களுக்கு வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு நிரல்கள். வெள்ளைக்குக் கிட்ட இருப்பது 1ஆம் வரிசை, கறுப்புக்குக் கிட்ட இருப்பது 8ஆம் வரிசை. வெள்ளை ராஜா ஈ1இலும் கறுப்பு ராஜா ஈ8இலும் தொடங்குவார்கள். நகர்த்தல் எண்ணுக்குப் பின் முதலில் வருவது வெள்ளையின் ஆட்டம், அடுத்தது கறுப்பின் ஆட்டம். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் ஆட்டம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால் பாதி வேலை குறையும்.

ராஜா நடந்த பாதை

1. காலாள் ஈ4, காலாள் ஈ5. 2. குதிரை சி3, மந்திரி சி5. இதுவரை வழமையானது. 3. குதிரை ஏ4. ஹாம்பெ கறுப்பு மந்திரியை விரட்டக் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறார். இன்று ஒரு பிள்ளை இப்படி ஆடினால் எந்தப் பயிற்றுநரும் கையைப் பிடித்துத் தடுப்பார்.

3... மந்திரி எஃப்2ஐ வெட்டிச் செக். 4. ராஜா வெட்டுகிறார். ராணி எச்4 செக். இங்கே 5. காலாள் ஜி3 என்று மறைக்கலாமே என்று தோன்றும். மறைத்தால் கறுப்பு ராணி ஈ4 காலாளை வெட்டி, அங்கிருந்து ஏ4 குதிரையையும் எச்1 கோட்டையையும் ஒன்றாகக் குறிவைக்கும். ஒன்று போய்விடும். அதனால்தான் ராஜா முன்னே நடக்கிறார்: 5. ராஜா ஈ3, ராணி எஃப்4 செக். 6. ராஜா டி3, காலாள் டி5. 7. ராஜா சி3, ராணி ஈ4ஐ வெட்டுகிறது. 8. ராஜா பி3.

ராஜா நடந்துபோய்க் குதிரைக்குக் காவல் நிற்கிறார். 8... குதிரை ஏ6. சாதுவான நகர்த்தல் போலத் தெரியும். அடுத்தது ராணி பி4 செக்மேட். குதிரை பின்னால் தாங்குவதால் ராஜா அந்த ராணியை வெட்ட முடியாது, ஏ2, பி2, சி2 மூன்றிலும் சொந்தக் காலாள்களே வழியை அடைத்து நிற்கின்றன. அதைத் தடுக்கத்தான் 9. காலாள் ஏ3.

இப்போது மைட்னர் ராணியையே கொடுக்கிறார். 9... ராணி ஏ4 குதிரையை வெட்டிச் செக். 10. ராஜா ராணியை வெட்டுகிறார். குதிரை சி5 செக். 11. ராஜா பி4, காலாள் ஏ5 செக். 12. ராஜா சி5 குதிரையையும் வெட்டுகிறார்.

பத்தாவது நகர்த்தலில் ராஜா ராணியை வெட்டாமல் ஏ2க்குத் திரும்பிப் போயிருக்கலாம். பாதுகாப்புத்தான். ஆனால் அப்போது கறுப்பு இரண்டு காலாள் கூடுதலோடு நிம்மதியாக இருக்கும். எனவே வெட்டியது சரி. பிழை அதற்கு அடுத்த நகர்த்தலில். 11. ராஜா பி4க்குப் பதில் 11. ராஜா பி5 என்று போயிருந்தால் வெள்ளை வெல்லும் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது: குதிரை ஈ7, 12. காலாள் சி4, காலாள் டி4. 13. ராஜா சி5ஐ வெட்டு, காலாள் ஏ5. 14. ராணி ஏ4 செக், ராஜா டி8. 15. ராணி ஏ5 காலாளை வெட்டு, கோட்டை ராணியை வெட்டிச் செக். 16. ராஜா பி4 என்று பின்வாங்கியபடியே அந்தக் கோட்டையைத் தாக்குகிறார். ராணி போனாலும் ஒரு காய் கூடுதலாக வெள்ளையிடம் மிஞ்சும், கறுப்பின் தாக்குதல் முடிந்திருக்கும். மணிக்கூடு ஓடும்போது பலகை முன்னால் இருந்து இதைக் கண்டுபிடி என்று யாரையும் கேட்க முடியாது.

ஆட்டத்துக்குத் திரும்புவோம். 12... குதிரை ஈ7. செக் இல்லை, ஆனால் அடுத்து காலாள் பி6 செக், ராஜா பி5, மந்திரி டி7 செக்மேட். ஹாம்பெ அமைதியாக 13. மந்திரி பி5 செக் வைக்கிறார், கறுப்பு ராஜா டி8க்கு ஒதுங்குகிறார். இப்போது வெள்ளைக்கு நிலைமை இன்னும் மோசம். சொந்த மந்திரியே பி5இல் நிற்பதால் ராஜாவுக்கு அந்தக் கட்டமும் இல்லை. காலாள் பி6 என்று வந்தாலே செக்மேட்.

14. மந்திரி சி6. முழு ஆட்டத்திலும் மிக அழகான நகர்த்தல் இதுதான் என்பது என் கருத்து. பலர் கறுப்பின் ராணித் தியாகத்தையே கொண்டாடுகிறார்கள். மந்திரி தானாக வெட்டுப்படப் போய் நிற்கிறது, அதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ராஜாவுக்கு பி5 திறக்கிறது. டி7இலிருந்து பி5ஐ நோக்கி வரும் மூலைவிட்டமும் அடைபடுகிறது.

14... காலாள் பி6 செக். 15. ராஜா பி5, குதிரை சி6 மந்திரியை வெட்டுகிறது. 16. ராஜா குதிரையை வெட்டுகிறார். இங்கே பயந்து 16. ராஜா ஏ4 என்று ஓடினால் குதிரை டி4, அடுத்து மந்திரி டி7 செக்மேட். 16... மந்திரி பி7 செக். 17. ராஜா பி5, மந்திரி ஏ6 செக். 18. ராஜா சி6, மந்திரி பி7 செக். சமநிலை.

கடைசி நிலையை எண்ணிப் பார்த்தால்

வெள்ளை: ராஜா சி6, ராணி டி1, கோட்டைகள் ஏ1, எச்1, மந்திரி சி1, குதிரை ஜி1, காலாள்கள் ஏ3, பி2, சி2, டி2, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா டி8, கோட்டைகள் ஏ8, எச்8, மந்திரி பி7, காலாள்கள் ஏ5, பி6, சி7, டி5, ஈ5, எஃப்7, ஜி7, எச்7.

வழக்கமான மதிப்பில் (ராணி 9, கோட்டை 5, மந்திரியும் குதிரையும் 3, காலாள் 1) வெள்ளையிடம் 31, கறுப்பிடம் 21. பத்துப் புள்ளி வித்தியாசம். ஆனால் வெள்ளை நகர்த்திய 18இல் 12 ராஜாவின் நடை. ராணியும் இரண்டு கோட்டைகளும் சி1 மந்திரியும் ஜி1 குதிரையும் ஆட்டம் தொடங்கிய கட்டத்தை விட்டு அசையவே இல்லை. பலகையில் எத்தனை காய் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதில் எத்தனை வேலை செய்கிறது என்பது வேறு கணக்கு. வாசலில் கேட்ட கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி இது.

இரண்டு பேரும் ஏன் விலக முடியவில்லை

செக் வரும் ஒவ்வொரு முறையும் வெள்ளை ராஜாவுக்குச் சரியாக இரண்டே வழி. அதில் ஒன்று சாவு.

1. ராஜா சி6இல், மந்திரி பி7இல் செக். சி5ஐ பி6 காலாள் காக்கிறது, டி6ஐ சி7 காலாள். டி7உம் சி7உம் கறுப்பு ராஜாவின் கையில். டி5 காலாளை வெட்டலாம் என்றால் அதே மூலைவிட்டத்தில் பி7 மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சுவது இரண்டு: பி5க்குத் திரும்புவது, அல்லது மந்திரியை வெட்டுவது. ஓசியில் கிடைக்கும் மந்திரியை வெட்டினால் கறுப்பு செக்கே வைக்காமல் ராஜா டி7 என்று ஒரு அடி எடுத்து வைக்கும். அவ்வளவுதான், எச்8 கோட்டைக்கு 8ஆம் வரிசை முழுக்கத் திறந்துவிட்டது. அடுத்து அந்தக் கோட்டை பி8க்கு வந்து செக்மேட். 18. ராணி ஜி4 செக் என்று இடையில் ஒரு மூச்சு விடலாம். கறுப்பு ராஜா டி6க்குப் போவார், கோட்டை வருவது நிற்காது.

2. ராஜா பி5இல், மந்திரி ஏ6இல் செக். மந்திரியை வெட்ட முடியாது, ஏ8 கோட்டை தாங்குகிறது. மிஞ்சுவது சி6உம் ஏ4உம். ஏ4க்குப் போனால் மந்திரி சி4, அடுத்து காலாள் பி5 செக்மேட். பி3ஐ மந்திரியும், பி4ஐ ஏ5 காலாளும் அடைத்திருக்கும். ஏ3இல் சொந்தக் காலாள்.

கறுப்பின் பக்கமும் இதே கதைதான். செக் வைப்பதை ஒரு தடவை நிறுத்தினால் வெள்ளை ராஜா மூச்சு விடுவார், தூங்கிக்கொண்டிருக்கும் ராணி எழும்பிவிடும். கோட்டையும் மந்திரியும் மட்டும் வைத்துக்கொண்டு ராணி, கோட்டை, குதிரை எல்லாவற்றையும் எதிர்த்து நிற்க முடியாது. ஆக, முதலில் விலகுபவர் தோற்பார். கணினியில் இந்த நிலையைப் போட்டால் 0.00 (இருபக்கமும் சமம்) என்று காட்டுவதன் பொருள் இதுதான். "ஒன்றும் நடக்கவில்லை" என்று அதை வாசித்தால் பிழை.

எதற்கெல்லாம் சமநிலை என்று பெயர்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் சமநிலைக்கு வழிகள் சில. ஆடும் முறை உள்ளவருக்குச் செக் இல்லாமல், நகர்த்தவும் இடம் இல்லாமல் போவது. இருவராலும் எந்த வழியிலும் செக்மேட் வைக்க முடியாத நிலை, உதாரணமாக ராஜாவுக்கு எதிரே ராஜா மட்டும். இருவரும் பேசி ஒப்புக்கொள்வது. ஒரே நிலை மூன்று தடவை வருவது. காலாள் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடுவது.

முதல் இரண்டும் நடந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். மூன்று தடவையும் 50 நகர்த்தலும் அப்படி இல்லை: ஆடுபவர் கேட்டால்தான் உண்டு. கேட்காவிட்டால் ஆட்டம் ஓடும். 2014 முதல் இன்னொரு எல்லை சேர்ந்தது. ஒரே நிலை ஐந்து தடவை வந்தாலோ, 75 நகர்த்தல் கடந்தாலோ யாரும் கேட்காமலே முடிந்துவிடும்.

தொடர் செக் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடர் செக் என்பது நடப்பதைச் சொல்லும் பெயர். அது சமநிலையாவது மூன்று தடவை விதியாலோ, இருவரும் கைகொடுப்பதாலோதான்.

அரைப் புள்ளி எப்போதும் இருந்ததில்லை

சமநிலைக்கு அரைப் புள்ளி என்பது நமக்கு இயற்கை போலத் தோன்றும். 1862 லண்டன் போட்டியில் சமநிலைகளைக் கணக்கில் எடுக்காமல் திரும்ப ஆடவைத்தார்கள். 1867 பாரிஸில் சமநிலை என்றால் இருவருக்கும் பூச்சியம். அதே ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டீயில் அரைப் புள்ளி கொடுத்தார்கள். 1883 லண்டனில் முதல் இரண்டு சமநிலையையும் திரும்ப ஆட வேண்டும், மூன்றாவதும் சமநிலையானால்தான் அரைப் புள்ளி.

பாரிஸ் கணக்கில் ஹாம்பெயும் மைட்னரும் இவ்வளவு துல்லியமாக ஆடியும் இருவரும் தோற்றவர்களே. அப்படிப்பட்ட போட்டியில் ஒருவர் பி7 மந்திரியை வெட்டிப் பார்க்கத் துணிவார், எப்படியும் பூச்சியந்தானே. எந்த நகர்த்தல் நல்லது என்பதைப் பலகை மட்டும் தீர்மானிப்பதில்லை, புள்ளி முறையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆடுபவரின் பலத்தைக் காட்டும் இன்றைய தரப்புள்ளியிலும் இது தெரியும். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் கூடியவரிடம் ஃபிடே அட்டவணை எதிர்பார்ப்பது 0.76, குறைந்தவரிடம் 0.24. சமநிலையானால் குறைந்தவர் எதிர்பார்த்ததைவிட 0.26 கூட எடுத்திருக்கிறார். 18 வயதுக்கு உட்பட்ட, 2300க்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண் 40. ஆகவே 10.4 புள்ளி ஏறும். எதிரே இருப்பவரின் எண் 20 என்றால் அவருக்கு 5.2 இறங்கும். பட்டியலில் இருவருக்கும் அரைதான், ஆனால் ஒருவர் சிரித்துக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு.

பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்

மூன்று தடவை என்று கேட்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. இதில் பிழைவிட்டு அரைப் புள்ளியைக் கோட்டைவிடுவது மிகச் சாதாரணம்.

1. நகர்த்தி, மணிக்கூட்டை அழுத்திவிட்டுக் கை தூக்குவது. அழுத்தியதும் முறை மற்றவருக்குப் போய்விட்டது. உங்கள் நகர்த்தலால் மூன்றாவது தடவை வரப்போகிறது என்றால், காயைத் தொடாமல் அந்த நகர்த்தலைத் தாளில் எழுதி, நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டால் அந்த நகர்த்தலுக்கு உரிமை போய்விடும்.

2. செக்குகளை எண்ணுவது. எண்ண வேண்டியது நிலையை. எல்லாக் காயும் அதே கட்டத்தில், ஆட வேண்டியவரும் அதே ஆள். அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை, பத்து நகர்த்தல் இடைவெளி விட்டு வந்தாலும் சேரும்.

3. கோட்டை கட்டும் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தும்) உரிமையை மறப்பது. காய்கள் அதே இடத்தில் நின்றாலும், முதல் தடவை கோட்டை கட்ட உரிமை இருந்து பிறகு இல்லை என்றால் அது வேறு நிலை. பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1986இல் நெதர்லாந்தின் டில்பர்க்கில் முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவ், இங்கிலாந்தின் மைல்ஸுக்கு எதிராகக் கேட்ட சமநிலையை நடுவர் கொடுத்துவிட்டார். முதல் தடவை கறுப்புக்கு ராணிப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை இருந்ததைப் பிறகுதான் கவனித்தார்கள்.

4. தாள் எழுதாதது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடும் ஆட்டங்களில் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும். அப்படி நேரம் கூட்டப்படாத ஆட்டத்தில், மிஞ்சிய நேரம் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் எழுதாமல் விடலாம், ஆனால் அப்போது மூன்று தடவையை நிரூபிப்பது பெரும்பாடு.

கோரிக்கை பிழை என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், கேட்டவர் தாம் எழுதிய நகர்த்தலையே ஆட வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. அந்தக் கோரிக்கையே சமநிலைக்கு அழைப்பாகவும் எண்ணப்படும். எதிராளி "சரி" என்றால் அதோடு முடிந்தது.

இன்றைய மேசையில் அந்த ஆட்டம்

18ஆவது நகர்த்தலில் நின்றபோது ஒரே நிலை இரண்டு தடவைதான் வந்திருந்தது, 16இலும் 18இலும். ஆகவே இன்றைய கணக்கில் அது இருவரும் ஒப்புக்கொண்ட சமநிலை. 30ஆவது நகர்த்தலுக்கு முன் பேசி முடிக்கக் கூடாது என்ற நிபந்தனை உள்ள போட்டியாக இருந்தால் அதை நடுவர் ஏற்றிருக்க மாட்டார். "போய் ஆடுங்கள்" என்றிருப்பார். அந்த நிபந்தனை மூன்று தடவைக் கோரிக்கையைத் தடுக்காது. ஆகவே இன்னும் இரண்டு நகர்த்தல் ஆட வேண்டியிருக்கும்.

19. ராஜா பி5, மந்திரி ஏ6 செக். 20. ராஜா சி6. இங்கே மைட்னர் மந்திரியைத் தொடக் கூடாது. தாளில் "20... மந்திரி பி7 செக்" என்று எழுதி, மணிக்கூட்டை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். அவர் மறந்து நகர்த்திவிட்டால், நிலை ஏற்கெனவே பலகையில் மூன்றாவது தடவை வந்துவிட்டதால் ஹாம்பெ தன் முறையில், எதையும் தொடாமல் கேட்கலாம். இருவரும் வாய் திறக்காவிட்டால் 24ஆவது நகர்த்தலில் ஐந்தாவது தடவை வரும், அப்போது யாரும் கேட்கத் தேவையில்லை. நடுவர் தாளை எடுத்து 16, 18, 20 மூன்றையும் பலகையில் வைத்துப் பார்ப்பார். கோட்டை கட்டும் உரிமை இருவருக்கும் இல்லை: வெள்ளை ராஜா 4ஆவதிலும் கறுப்பு ராஜா 13ஆவதிலும் நகர்ந்துவிட்டார்கள். மூன்றும் ஒன்றே. அரை, அரை என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குவார்.